சாதா பேட்டரியே போதும்

"லித்தியமே போடுங்க. காசு நான் தர்றேன்."

"வேண்டாம். சாதா பேட்டரியே போதும்."

பேட்டரிக் கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தருகிறேன் என்றவன் இளையவன். வேண்டாம் என்ற பெரியவர் அவனுடைய அக்கா புருஷன். சண்டை வீட்டிலேயே ஆரம்பித்திருக்கிறது. முகத்தில் தெரிந்தது.

மேஜை மேல் அவர்கள் கொண்டுவந்த பழைய பேட்டரி கிடந்தது. பைக்கில் இருந்து கழற்றியது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"வண்டி யாரு ஓட்டறது?"

"யாரும் ஓட்டறதில்ல," என்றான் மைத்துனன். "அக்கா பையனோட வண்டி. போன வருஷம் ஆஸ்பத்திரியில போயிட்டான். போறதுக்கு முன்னாடி, 'பேட்டரி இறங்காம பாத்துக்கம்மா, நான் வந்து ஓட்டறேன்'னு சொன்னானாம். அக்கா அதையே பிடிச்சுக்கிட்டா."

மேஜை மேல் கிடந்த பேட்டரியைக் காட்டினான்.

"வண்டி நிக்கிற இடத்துல பிளக் பாயிண்ட் கிடையாது. அவளே ஸ்பானர் எடுத்துக் கழட்டறா. இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி சார்ஜ் போடறா. மறுபடி இறக்கி மாட்டறா. இவரு பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறாரு. ஒரு கை குடுக்க மாட்டாரு."

கடைக்காரர் பெரியவரைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை.

"அப்போ யோசிக்கவே வேண்டாம் சார்." கடைக்காரர் லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். "தூக்கிப் பாருங்க. பஞ்சு. நிறுத்தி வெச்ச வண்டிக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. சாதா பேட்டரி, வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. கவனிக்கலைன்னா கோவிச்சுக்கிட்டுப் படுத்துடும். இது மாசக்கணக்கா தொடாம விட்டாலும் அப்படியே இருக்கும்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

"எதனால?"

பெரியவர் கையில் இருந்ததை மேஜை மேல் வைத்தார்.

"பாத்தீங்களா? கல்லுளிமங்கன் மாதிரி நிக்கறாரு. நேத்துல இருந்து இப்படித்தான். செத்தவன் வண்டிக்கு எதுக்குத் தண்டச் செலவுன்னு நினைப்பு. வேற என்ன?"

கடைக்காரர் பழைய பேட்டரியில் மீட்டரை வைத்தார். முள் எழுந்திருக்கவே இல்லை.

"இது நம்ம கடையில வாங்கினதுதான். ரொம்ப நாளும் ஆகலை. சும்மா நிக்கிற வண்டியில இப்படி அடியோட வடியாதே. வயர்ல கோளாறு இருக்கணும். இல்லேன்னா யாரோ சாவியை ஆன்ல விட்டுடறீங்க. திரும்பத் திரும்ப இப்படி சுத்தமா இறங்க விட்டா எந்த பேட்டரியும் தாங்காது."

"சாவியை அக்கா தொடறதே இல்லையே. அது இவர் பையிலதான்..."

பாதியில் நிறுத்தினான். திரும்பினான்.

"மாமா?"

"நான்தான்," என்றார் பெரியவர். "அவ கண்ணசந்ததும் கீழே போய் சாவியைப் போட்டு லைட்டை எரிய விட்டுடுவேன். தானா அணைஞ்சதும் சாவியை எடுத்துக்கிட்டு வந்துடுவேன்."

மைத்துனன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"நீயெல்லாம் மனுஷனாய்யா? பிள்ளையைப் பறிகொடுத்தவளை வெச்சு விளையாடறியா?"

கடைக்காரர் எழுந்து வந்தார். ஆனால் பிடித்த கையை விலக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். இந்தக் கடையில எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். உங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்ல."

பெரியவர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

"அவன் போனதுல இருந்து படுத்த படுக்கைதான், மாப்ளே. சுவத்தைப் பாத்துக்கிட்டு. சாப்பாடு வெச்சா வெச்ச இடத்துலேயே இருக்கும். டாக்டர் தூங்கறதுக்கு மாத்திரை குடுத்தாரு. முழுங்காம தலையணைக்கு அடியில சேத்து வெச்சிருந்தா. நல்லவேளை, நான் பாத்துட்டேன்."

மைத்துனனின் பிடி தளர்ந்தது.

"பேட்டரி இறங்கிடுச்சுன்னு சொன்னா மட்டும் எழுந்திருக்கறா. தலையை அள்ளி முடியறா. ஸ்பானர் எங்கேன்னு கேக்கறா. என்கிட்ட அவ பேசறது அது ஒண்ணுதான். நான் கை வெச்சா வேலை சீக்கிரம் முடிஞ்சுடும். அதான் நின்னு பாக்கறேன். சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பா. அப்ப தட்டை நீட்டினா ரெண்டு வாய் உள்ள போகும். மறுநாள் மறுபடி சுவருதான்."

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முதல்ல மாசத்துக்கு ஒரு தடவை போதுமா இருந்தது. இப்ப வாராவாரம் செய்யறேன். போன தடவை லேசுல எழுந்திருக்கல. காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அடுத்த தடவை என்ன ஆகுமோ, தெரியல."

மைத்துனன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் வந்தன்னிக்குப் பாத்தேனே மாமா. வேர்த்து விறுவிறுத்து, கையெல்லாம் கிரீஸு, பாதிப் படியில உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு... இவளுக்கா இந்தக் கதின்னு வயிறு எரிஞ்சுதே எனக்கு."

பெரியவர் லித்தியம் பேட்டரியைக் கடைக்காரர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"நீ பாத்தது அவளோட நல்ல நாள், மாப்ளே."