திரையில் ஒரு முள்

விமானத்தின் ஜன்னலில் அண்டார்டிகாவின் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. பனிக்கடியில் புதைந்த பாறைகளின் காந்தத்தைத் திரையில் ஒரு கோடு நிதானமாக எழுதிக்கொண்டே வருகிறது. சட்டென்று அது முள்ளாக எழுந்து அடங்குகிறது. திரையைக் கவனிக்கும் வர்வாரா தேநீரைக் கீழே வைக்கிறாள்.

“பாறையா, வர்வாரா?” விமானி யெகோர் திரும்பாமல் கேட்கிறான்.

“இல்ல. இரும்பு.”

போன கோடையில் அவள் கணவன் அந்தோனை டிராக்டரோடு பனிப்பிளவு விழுங்கியது இங்கேதான். யெகோர் இப்போது திரும்பிப் பார்க்கிறான். நிலப்படத்தில் பாறை மட்டுமே இருக்க வேண்டும். மனிதரின் இரும்பு தெரிந்தால் நீக்கிவிடுவது முறை.

“நீ விடு. முகாமுல நான் அழிச்சிக்கிறேன்.”

“யெகோர், அவர் என் புருஷன். நானே செய்றேன்.”

அழிக்கும் பொத்தானை விரல் அழுத்துகிறது. முள் இருந்த இடத்தில் கோடு வழுவழுவென்று கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு, “ஒரே ஒரு தடவை திருப்பி, கொஞ்சம் தாழ ஓட்டு,” என்கிறாள். “நம்ம சத்தமாவது அவருக்குக் கேக்கட்டும்.”