மழைத்தண்ணீர்த் தொட்டி

“ரோட்டுல பாறை சரிஞ்சு கிடக்கு, இன்ஜினியர் சார். வீட்டுக்குக் கடல் வழியாத்தான் போயாகணும். வாங்க, என் சொந்தப் படகே இருக்கு” என்றார் ஒரேஸ்தே.

ரோட்டில் ஒரு கூழாங்கல்கூடச் சரியவில்லை. வீட்டைச் சோதிக்க அரசாங்க இன்ஜினியர் காலைக் கப்பலில் வருகிறார் என்று காதில் விழுந்ததிலிருந்து ஒரேஸ்தேவுக்குத்தான் தலையில் பாறை விழுந்திருந்தது.

பொன்ஸா தீவில் கடலைப் பார்த்த வீடு அவருடையது. பின்பக்கம் நீலமாக ஒரு நீச்சல் குளம், பக்கத்திலேயே அகலமாக ஒரு மொட்டை மாடி. இரண்டுக்கும் எல்லாம் இருந்தது, அனுமதி மட்டும் இல்லை. போன வருஷம் பக்கத்து வளைவில் ஒருவர் வீட்டுக்கு இப்படித்தான் ஒரு இன்ஜினியர் சிரித்த முகமாக வந்து போனார். பின்னாலேயே இடிக்கிற இயந்திரம் வந்தது.

அதனால்தான் விடிந்தும் விடியாததுமாகத் துறைமுகத்துக்கு ஓடிவந்து, கப்பலிலிருந்து டையும் பையுமாக இறங்கிய முதல் ஆளை ஒரேஸ்தே மடக்கினார். “இன்ஜினியர் சார்தானே?” என்று கேட்டதும் அவரும் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். இந்த நாட்டில் கண்ணாடி போட்டவரை டாக்டர் என்றும் டை கட்டியவரை இன்ஜினியர் என்றும் கூப்பிட்டால் மறுக்கிற பைத்தியக்காரர் யாரும் இல்லை.

“ஒரேஸ்தேங்கிறது நீங்கதானா? உங்க வீட்டைப் பாக்கத்தான் வந்தேன்” என்றார் அவர். ஒரேஸ்தே அவர் பையை வாங்கிப் படகில் வைத்தார்.

வீடு வலது பக்கம் இருந்தது. படகு இடது பக்கம் திரும்பியது. சாயங்காலக் கடைசிக் கப்பல் வரை இந்த மனிதரைக் கரையேற விடக்கூடாது என்பதுதான் திட்டம்.

வெள்ளைப் பாறை, கடல் குடைந்த வளைவு, குகை என்று ஒவ்வொன்றையும் தானே செதுக்கி நிறுத்தியதுபோல ஒரேஸ்தே காட்டினார். மனைவி லோரெதானா சமைத்துக் கொடுத்த கணவாய் மீனும் பயறும் பரிமாறினார். வெள்ளை ஒயினைக் கோப்பை காலியாக விடாமல் ஊற்றினார். வீடு இன்னும் வரவில்லையா என்று கேட்கும்போதெல்லாம், இதோ அடுத்த வளைவுதான் என்றார். தீவுக்கு வளைவுகளுக்கா பஞ்சம்?

நடுக்கடலில் லோரெதானா போன் செய்தாள். ஒரேஸ்தே படகின் மறுமுனைக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டைக் கோடை முழுவதற்கும் வாடகைக்குக் கேட்டு, தரகர் மூலம் பேசியிருந்த மிலானோ நகரத்துக்காரர் மத்தியானக் கப்பலில் வரவேண்டியவர், சீக்கிரமே வந்துவிட்டாராம். குளத்தையே சுற்றிச் சுற்றி வருகிறாராம், ஆழம் எவ்வளவு என்று கேட்கிறாராம்.

“வீட்டுல குழந்தைங்க இருக்கும், அதான் கேக்கறார். எதையும் மறைக்காத, மொட்டை மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டு” என்றார் ஒரேஸ்தே. அவருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. அங்கே குளம் வாடகையைப் பேசுகிறது, இங்கே குளத்துக்கு எமன் கணவாய் தின்கிறான்.

திரும்பி வந்தபோது அந்த எமன் பேச்சை எடுத்தே விட்டார். “பின்னாடி நீச்சல் குளம் இருக்குன்னு சொன்னாங்களே?”

“எவனோ வயித்தெரிச்சல்ல கிளப்பிவிட்டது சார். அது மழைத்தண்ணி பிடிக்கிற தொட்டி. தவளைதான் நீந்தும்.”

வந்தவரின் முகம் தொங்கிப்போனது. பாவம், இடிக்க ஒன்றும் அகப்படவில்லையே என்று வாடுகிறார் என ஒரேஸ்தேவுக்கு இரக்கம்கூட வந்தது.

“கடலைப் பாத்த மாதிரி ஒரு மொட்டை மாடி?”

“அங்க கோழி அடைச்சிருக்கேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓடுகிற குதிரையை யார் நிறுத்துவார்கள்? சுவரெல்லாம் ஓதம், கூரையில் வௌவால், காற்று திரும்பினால் சாக்கடை நாற்றம் என்று கேட்காததையும் சேர்த்து அளந்தார். அப்படி ஒரு ஓட்டை வீட்டில் யாரால் என்ன கட்டிவிட முடியும் என்று பெருமூச்சும் விட்டார்.

வந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரேஸ்தேவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்களை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. தன் வீட்டைப் பத்தி யாரு இப்படி உண்மையைச் சொல்லுவா? படகைத் துறைமுகத்துக்கே திருப்புங்க, நான் அடுத்த கப்பலைப் பிடிக்கிறேன்.”

ஒரேஸ்தேவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. குளம் பிழைத்தது, மாடி பிழைத்தது. சுக்கானைத் திருப்பிக்கொண்டே, ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டு வைத்தார்.

“அப்ப வீட்டைப் பாக்க வேண்டாமா, சார்?”

“குளமே இல்லாத வீட்டை வாடகைக்கு எடுத்து நான் என்ன பண்றது?”