நகக்கோடுகள்

மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாக உறைந்துவிடும். ஞானசௌந்தரி அதை அடுப்போரம் வைத்து உருக்கி, கட்டிலில் கிடக்கும் கணவர் ஆரோக்கியத்தின் உடம்பெல்லாம் தேய்ப்பாள். பக்கவாதம் அவருடைய பேச்சையும் ஒரு பக்கத்தையும் கொண்டுபோனதிலிருந்து அதுதான் அவளுடைய காலை ஜெபம். "தோல் வெடிச்சா புண்ணாயிரும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பாள். அன்று போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வறண்டு சாம்பல் பூத்திருந்த தொடையில், அசைகிற ஒற்றைக் கையின் நகத்தால் கீறிய வெள்ளை எழுத்துகள்: போதும். "எண்ணெயா போதுங்கிறீங்க?" அவர் அவளையே பார்த்தபடி இல்லையென்று தலையசைத்தார். அவள் எண்ணெயை வாரி அழுத்தித் தேய்த்தாள். எழுத்து மறைந்து தோல் பளபளத்தது. மறுநாள் விடிவதற்குள் குளிர் அந்த எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது. அதே இடத்தில் அதே சொல். நகவெட்டியை எடுத்துவந்து, அவர் கையை மடியில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து வெட்டத் தொடங்கினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் எழுதிய ஆள்காட்டி விரல் வந்ததும் நகவெட்டி நின்றது. அந்த விரலைப் பிடித்தபடி, உருகிய எண்ணெய் மறுபடியும் வெள்ளையாக உறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.