ஓட்டை சைலன்சர்

உக்குவளை கராஜுக்குள் அழகமுத்துவின் வேன் நுழைந்தது யார் காதிலும் விழவில்லை.

"பாத்தீங்களா தம்பி, பூனை மாதிரி வருது!" என்றார் மெக்கானிக் ஸக்கரியா. நேற்றுத்தான் புது சைலன்சர் பூட்டி, புகையை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வையும் தகடு வைத்து அடைத்துக் கொடுத்திருந்தார்.

"வால்வு அப்படியே இருக்கட்டும், ஸக்கரியா நானா. ஏத்தத்துல நல்லா இழுக்குது. பழைய சைலன்சரை மட்டும் திரும்பப் பூட்டிக் குடுங்க."

"அந்த ஓட்டையையா? ஊரே காதைப் பொத்துமே! யார் சொன்னது?"

"வீட்டுக்காரி."

"அவங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" ஸக்கரியாவுக்குச் சுர்ரென்றது.

"எங்க வீட்டுக்குக் கீழ வளைவுல ஆமி செக்பொயின்ட் இருக்குல்ல நானா? தினமும் அதைத் தாண்டி நான் மேல ஏறுற சத்தம் கேட்டாத்தான் அவளுக்கு மூச்சே வரும். நேத்து ஒரு சத்தமும் இல்ல. நான் வாசல்ல போய் எறங்குறேன், என்னைப் புடிச்சிட்டாங்கன்னு நெனச்சு, என் போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு பொலிசுக்குக் கெளம்பி நிக்கிறா."

ஸக்கரியா ஸ்பேனரோடு வேனுக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

"தம்பி, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருசாக்கட்டா?"