வீட்டுச் சொந்தக்காரி

கிணற்றடியில் இருந்த தயிர்ச் சட்டிக்குள் எட்டிப் பார்த்த சுகாதாரப் பரிசோதகர், ஜவாதின் பக்கம் திரும்பினார்.

"டெங்கு நுளம்புட குடம்பி நெளியுது. வீட்டுக்காரர் நீங்கதானே?"

"கட்டினது நான்தான் சேர். வீட்டு உறுதிப் பத்திரம் என்ட பேர்ல இல்ல."

"பொஞ்சாதிட பேர்லயா?"

"அவட பேர்லயும் இல்ல."

"அப்ப மாமிட பேர்லயாக்கும். போன கிழமையே சட்டியக் கவிழ்க்கச் சொல்லிட்டுப் போனன், இனி வழக்குத்தான். உறுதியில பேர் உள்ளவங்கதான் கோட்டுக்கு வரணும். கூப்பிடுங்க, நோட்டீஸ்ல கையெழுத்துப் போடட்டும்."

"அவக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது சேர்."

"கைநாட்டு வைக்கட்டும். அடையாள அட்டைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"அட்டையும் இல்ல. குற்றத்த நான் ஏத்துக்கிறன் சேர், நானே வாறன்."

"உங்கட வீடில்லையே. நீங்க எப்படி ஏற்கிற?"

அப்போது வாசல் கேற் திறந்தது.

"அந்தா, வந்துட்டா," என்றார் ஜவாத் மெதுவாக.

முதுகில் புத்தகப் பையோடு உள்ளே வந்தாள் மகள் அப்னா. வயது ஏழு. பெண்பிள்ளைக்கு என்றைக்கிருந்தாலும் சீதனமாகக் கொடுக்கத்தானே வேண்டும் என்று, அவள் தொட்டிலில் கிடக்கும்போதே வீட்டை அவளுடைய பெயருக்கு எழுதிவிட்டிருந்தார் ஜவாத்.

பரிசோதகர் சட்டியைக் கவிழ்க்கக் குனிந்தார். அப்னா ஓடிவந்து அதை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.

"ஊத்த வேணாம் சேர், இது என்ட மீன்குஞ்சு. வாப்பாக்கு ஏசாதீங்க. அவர் அண்டைக்கே ஊத்திட்டார். நான்தான் திரும்பத் தண்ணி நிரப்பி வளர்க்கிறன்."