தவளைக்கு அடுத்த பாடம்

நீலவேணி தவளைப் பாடத்தில் மேதை. ஒரே வருடத்தில் அவளை நான்கு வீடுகளில் மாற்றி மாற்றி வளர்ப்புப் பிள்ளையாக விட்டிருந்தார்கள். வீடு மாறினால் பள்ளியும் மாறும். எந்தப் பள்ளியில் போய் உட்கார்ந்தாலும் அறிவியலில் மூன்றாம் பாடமான தவளைதான் நடந்துகொண்டிருக்கும். அது முடிவதற்குள் அடுத்த வீடு வந்துவிடும். இந்தப் பள்ளியில் டீச்சர் தலைப்பிரட்டை என்று வாயெடுப்பதற்குள், இவள் கால் முளைத்து வால் சுருங்குவதுவரை ஒப்பித்துவிட்டாள். "எங்க வீட்டுல ஒரு டாக்டர் வளருது" என்று இந்த வீட்டு ரூபாவதி அத்தை தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், டாக்டர் கொடியிலிருந்த தன் கவுன்களை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"தவளை முடிஞ்சிருச்சு அத்தை."

அத்தைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தவளைதானே முடிஞ்சுது? அந்தக் கவுன் இன்னும் காயவே இல்ல. திரும்பக் கொடியில போடு."

நான்காம் பாடப் பரீட்சையில் நீலவேணி முட்டை வாங்கினாள். டீச்சர் கூப்பிட்டனுப்ப, அத்தை ஒரு தூக்குச்சட்டி நிறையக் கேசரியோடு வந்தாள்.

"முட்டை வாங்கினதுக்கா கேசரி?"

"நாலாம் பாடத்துல வாங்கியிருக்கா டீச்சர்!"

வாயெல்லாம் கேசரியோடு நீலவேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "டீச்சர், அஞ்சாம் பாடம்னு ஒண்ணு இருக்கா?"