உரிமையாளர் என்ற கட்டம்

சமூகவியல் துறையின் கூட்ட அறையில் ஆய்வு மாணவி ஜுவேரியாவின் லேப்டாப் திறந்திருக்கிறது. அதன் திரை எதிர்ச்சுவரிலும் பெரிதாகத் தெரிகிறது. துறையின் கோப்புகளை இனி எந்த இணையச் சேமிப்பில் வைப்பது என்று முடிவெடுக்கத்தான் கூட்டம். மூன்று சேமிப்புகளை ஒப்பிட்டு அவள் போட்டுவந்த பட்டியலை யாரும் புரட்டவில்லை. அதன்மேல் டீ கிளாஸ்கள் வட்ட வட்டமாகக் கறை வைத்திருக்கின்றன. "எதுல எல்லாம் ஒரே பேர்ல இருக்குமோ அத எடுத்துக்கலாம்மா. எம் பேர போட்ரு," என்கிறார் துறைத்தலைவர் தனபாலன், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "மத்தவங்க பாத்தா போதும், கை வைக்க வேணாம்." ஜன்னல் வழியே கடற்கரை வெயில் சுவரில் விழுகிறது. அந்த வெளுப்பிலும் கோப்புகளின் பெயர்கள் தெரிகின்றன. நான்கு வருடம் பட்டினப்பாக்கத்து மீன்கடைகளில், செதில் தெறிக்கத் தெறிக்க உட்கார்ந்து அவள் பதிவு செய்த பெண்களின் குரல்கள், நானூற்றுப் பன்னிரண்டு. மேலே, உரிமையாளர் என்ற வெற்றுக் கட்டத்தில் கர்சர் கோடு விட்டு விட்டு மின்னுகிறது. "இன்னாம்மா யோசன? அதுங்க பேசுனதுதான, நீயா பேசுன? சீக்கிரம் அழுத்து, சாப்பிடப் போணும்," என்கிறார் தனபாலன். யாரோ சிரிக்கிறார்கள். ஜுவேரியாவின் விரல் பொத்தானை விட்டு நகர்ந்து, லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகியிருக்கும் ப்ரொஜெக்டர் வயரைப் பிடித்து இழுக்கிறது. சுவர் வெறும் சுவராகிறது.

"கரண்ட் போயிடுச்சா?" என்கிறார் தனபாலன். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

"இல்ல சார்," என்கிறாள் ஜுவேரியா, வயரைச் சுருட்டிக்கொண்டே. "லேப்டாப்பும் என்னுது."